போர்முனை முகாமில் அடிபட்டவர் மலையூரில் இருந்துகொண்டே இழப்பீடு கோருவது எப்படி?

குன்னூரில் என் வீட்டுத் திண்ணைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரு நெகிழிப் பையோடுதான் வருவார்கள். அதற்குள் பழைய பாஸ்போர்ட், கசங்கிய சம்பளச் சீட்டு இரண்டு, விமானச் சீட்டின் கிழிந்த பாதி, சில சமயம் முகாம் மருத்துவமனையில் கொடுத்த, எழுத்து மங்கிய துண்டுத்தாள் ஒன்று இருக்கும். நான் வழக்கறிஞன் அல்லன். படைப்பிரிவு அலுவலகத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவன். வெலிங்டனில் மெட்ராஸ் ரெஜிமென்ட் மையம் இருப்பதால், படையிலிருந்து ஓய்வு பெற்றபின் ஈராக்குக்கும் ஆப்கானிஸ்தானுக்கும் காவலராகவும் ஓட்டுநராகவும் சமையற்காரராகவும் போய் வந்தவர்கள் இந்தப் பக்கத்தில் உண்டு; கூடலூர், பந்தலூர் தேயிலைத் தோட்ட லயன்களிலிருந்து முகாம்களின் மெஸ்ஸுக்கும் சலவைக்கும் துப்புரவுக்கும் போன இளைஞர்களும் உண்டு. இவர்களுக்குப் படிவம் நிரப்பிக் கொடுத்துக் கொடுத்துக் கற்றுக்கொண்டதை இங்கே முறையாக எழுதி வைக்கிறேன்.

அடிபட்டுத் திரும்பியவர்களில் பலர் அதைத் தலையெழுத்து என்று விட்டுவிட்டவர்கள். கம்பெனி விமானச் சீட்டு எடுத்துக் கொடுத்தது, இரண்டு மாதச் சம்பளத்தைக் கையில் கொடுத்தது, ஒரு தாளில் கையெழுத்து வாங்கியது, அதோடு கணக்குத் தீர்ந்தது என்று நினைத்திருப்பார்கள். கணக்குத் தீரவில்லை. அமெரிக்க அரசின் ஒப்பந்தத்தின் கீழ் வெளிநாட்டில் வேலை செய்கிறவருக்குக் காயம் நேர்ந்தால் மருத்துவச் செலவும் வாரக்கணக்கில் இழப்பீடும் தர வேண்டும் என்று அந்நாடு 1941ஆம் ஆண்டிலேயே சட்டம் இயற்றியிருக்கிறது. டிஃபென்ஸ் பேஸ் ஆக்ட் என்பது அதன் பெயர், சுருக்கமாக டி.பி.ஏ. என்பார்கள். துறைமுகத் தொழிலாளர்களுக்காக 1927இல் வந்த லாங்ஷோர் சட்டத்தின் விதிகளை இது கடல் கடந்த வேலைக்கும் நீட்டிக்கிறது. வேலை தருகிறவர் இதற்கென்று காப்பீடு எடுத்திருக்க வேண்டும். பணத்தை அந்தக் காப்பீட்டு நிறுவனம் தரும். மேற்பார்வை அமெரிக்கத் தொழிலாளர் துறையினுடையது. இந்த உரிமை ஒப்பந்தத்தைத் தொடர்ந்து வருகிறதே தவிர, பாஸ்போர்ட்டைத் தொடர்ந்து வருவதில்லை. இதை மனத்தில் இருத்திக்கொண்டால் மற்றவை விளங்கும்.

முதலாளிக்கு மேலே யார் என்று பாருங்கள்

நம் ஊரிலிருந்து போகிறவரை அமெரிக்கக் கம்பெனி நேரடியாக வேலைக்கு எடுப்பது அபூர்வம். மும்பை ஏஜென்ட், அவருக்கு மேல் துபாயிலோ குவைத்திலோ ஒரு ஆள்சேர்ப்புக் கம்பெனி, அதற்கு மேல் துணை ஒப்பந்தக்காரர், அதற்கும் மேல் அமெரிக்க முதன்மை ஒப்பந்தக்காரர் என்று நான்கு படிகள் இருக்கும். “எங்கள் கம்பெனி துபாய்க் கம்பெனி ஐயா, அமெரிக்கச் சட்டம் எப்படி வரும்?” என்று கேட்பவர்களுக்கு நான் சொல்லும் பதில், ஏணியின் உச்சியில் இருப்பது யாருடைய பணம் என்று பாருங்கள் என்பதுதான். துணை ஒப்பந்தக்காரரின் தொழிலாளிக்கும் இந்தச் சட்டம் பொருந்தும். அவர் காப்பீடு எடுக்காமல் விட்டிருந்தால் பொறுப்பு முதன்மை ஒப்பந்தக்காரரைச் சேரும்.

இதைக் காட்ட மிகச் சிறந்த ஆவணம், முகாமில் எல்.ஓ.ஏ. என்று சொல்லப்படும் அங்கீகாரக் கடிதம். முகாமுக்குள் தங்கவும் மெஸ்ஸில் சாப்பிடவும் ராணுவ விமானத்தில் ஏறவும் காட்டிய அதே தாள்தான். அதில் ஒப்பந்த எண்ணும் ஒப்பந்தக்காரரின் பெயரும் அச்சாகியிருக்கும். வேலை முடியும்போது அடையாள அட்டையைத் திரும்ப வாங்கிக்கொள்வார்கள், கடிதத்தின் நகல் உங்களிடமே இருக்கலாம். இன்னும் அங்கே இருப்பவர்கள் அதன் படியொன்றை வீட்டுக்கு அனுப்பி வைப்பது நல்லது. அது இல்லையென்றால் வேலை ஒப்பந்தம், சம்பளச் சீட்டு, பயிற்சிச் சான்றிதழ், உடன் வேலை செய்தவரின் எழுத்து வாக்குமூலம் ஆகியவற்றைக் கொண்டு கட்ட வேண்டியிருக்கும்.

சில நாடுகளைப் பொறுத்தவரை, அந்நாட்டவருக்கும் மூன்றாம் நாட்டுத் தொழிலாளருக்கும் உள்ளூர்ச் சட்டப்படியே இழப்பீடு கிடைக்கும் என்றால், டி.பி.ஏ.வை அமெரிக்கத் தொழிலாளர் துறை விலக்கி வைத்திருக்கும். அப்போது வேலை செய்த நாட்டின் சட்டப்படிதான் கோர வேண்டும். அமெரிக்க ஒப்பந்தமே இல்லாத வேலைகளுக்கு இந்தக் கட்டுரை பயன்படாது. ரஷ்யாவில் உதவியாளர் வேலை என்று ஏமாற்றிப் போர்முனைக்கு அனுப்பப்பட்ட இந்தியர்களின் குடும்பங்கள் 2024இல் பட்ட பாடு நமக்குத் தெரியும், அவர்களுக்கு டி.பி.ஏ. இல்லை.

இந்தியா 2004இல் ஈராக் பயணத்தைத் தடை செய்திருந்தபோது குவைத் வழியாக உள்ளே போனவர்களும் உண்டு. தடையை மீறிப் போனதால் உரிமை போய்விடும் என்று அவர்களை ஏஜென்டுகள் பயமுறுத்தி வைத்திருக்கிறார்கள். டி.பி.ஏ.வில் அப்படி ஒரு விலக்கு இல்லை.

எந்தக் காயம் சேரும்

குண்டு வெடித்தால்தான் இழப்பீடு என்பது பரவலான தவறான எண்ணம். பாத்திரம் கழுவும் இடத்தில் வழுக்கி விழுந்தாலும், பெட்டி தூக்கி முதுகு பிடித்துக்கொண்டாலும், ஜெனரேட்டர் அருகே இரண்டு ஆண்டு நின்று காது மந்தமானாலும் சேரும். வேலை நேரத்துக்கு வெளியே நேர்ந்ததும் பல சமயம் சேரும். பசிபிக் தீவான குவாமில் கம்பெனியின் பொழுதுபோக்கு மையத்துக்கு அருகே, கடலில் தத்தளித்த இருவரைக் காப்பாற்றப் போய் மூழ்கிய ஊழியரின் வழக்கில், அந்த இடத்து வேலையே தனிப்பட்ட ஆபத்துச் சூழலில் ஆளைக் கொண்டுவைக்கிறது என்று காரணம் காட்டி, இழப்பீட்டை அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1951இல் உறுதி செய்தது. முகாம் குளியலறையில் விழுந்தவருக்கும் உடற்பயிற்சிக் கூடத்தில் அடிபட்டவருக்கும் அந்தத் தீர்ப்பு இன்றும் துணை நிற்கிறது. குடிபோதை மட்டுமே காரணமாக நேர்ந்த காயமும், வேண்டுமென்றே தனக்கோ பிறருக்கோ செய்துகொண்டதும் சேராது.

யாருடைய தவறு என்ற கேள்விக்கு இங்கே இடமில்லை. உங்கள் கவனக்குறைவே காரணமாக இருந்தாலும் இழப்பீடு உண்டு. மாறாக, கம்பெனியின் அலட்சியத்தைக் காட்டி, வலிக்கும் வேதனைக்கும் என்று தனித் தொகை கேட்கவும் பொதுவாக முடியாது. காயம் இருக்கிறது, அதை உண்டாக்கக் கூடிய சூழல் வேலையில் இருந்தது என்று காட்டிவிட்டால், இரண்டுக்கும் தொடர்பு உண்டு என்றே சட்டம் தொடக்கத்தில் ஊகித்துக்கொள்கிறது. அதை மறுக்கும் ஆதாரத்தைக் கொண்டுவர வேண்டியது எதிர்த்தரப்பு.

முப்பது நாளும் ஓராண்டும்

காயம் பட்ட 30 நாளுக்குள் முதலாளிக்கு எழுத்தில் அறிவிக்க வேண்டும். அதற்கான படிவம் எல்.எஸ்.201. முகாமில் படிவம் தேடி அலைய முடியாது என்பது எனக்குத் தெரியும். மேற்பார்வையாளருக்கு அனுப்பிய வாட்ஸ்அப் செய்தியும், மின்னஞ்சலும், சிகிச்சைக்குப் போனபோது கையெழுத்திட்ட பதிவேட்டின் படமும் கம்பெனிக்கு விஷயம் தெரியும் என்பதைக் காட்டும். கம்பெனிக்குத் தெரிந்திருந்தது, அல்லது தாமதத்தால் அதற்குப் பாதகம் எதுவும் இல்லை என்றால் 30 நாள் தவறியதும் மன்னிக்கப்படும். ஆயினும் வாயால் மட்டும் சொல்லிவிட்டு இருந்துவிடாதீர்கள். எந்தத் தேதி, எத்தனை மணி, எந்த இடம், என்ன செய்துகொண்டிருந்தபோது, உடலின் எந்தப் பாகம், யார் பார்த்தார் என்ற ஆறையும் எழுதி அனுப்புங்கள்.

அறிவிப்பு வேறு, கோரிக்கை வேறு. கோரிக்கைக்கான படிவம் எல்.எஸ்.203. இதைக் காயம் பட்ட ஓராண்டுக்குள், அல்லது காப்பீட்டு நிறுவனம் தானாகவே இழப்பீடு கொடுத்து வந்திருந்தால் கடைசியாகக் கொடுத்த தேதியிலிருந்து ஓராண்டுக்குள், அமெரிக்கத் தொழிலாளர் துறையிடம் சேர்க்க வேண்டும். மெல்ல மெல்ல வரும் தொழில் நோய்க்கு, அது வேலையால் வந்தது என்று தெரிந்த நாளிலிருந்து 2 ஆண்டு. கம்பெனிக்கு அனுப்பியதே போதும் என்று இருந்துவிட்டுக் காலத்தைத் தவறவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். கம்பெனியும் துறையும் இரண்டு வாசல்கள். படிவங்கள் துறையின் இணையதளத்தில் இலவசமாகக் கிடைக்கும், நிரப்புவதற்கு வழக்கறிஞர் தேவையில்லை. படிவம் போய்ச் சேர்ந்ததும் ஒரு வழக்கு எண் தருவார்கள். அதன் பிறகு அனுப்பும் ஒவ்வொரு தாளின் மேல் மூலையிலும் அந்த எண்ணை எழுதி, துறையின் சீபோர்ட்டல் என்ற தளத்தில் ஏற்றலாம்.

ஆப்கானிஸ்தானிலிருந்து அமெரிக்கப் படைகள் 2021இல் வெளியேறிவிட்டனவே, இனிமேல் என்ன செய்ய முடியும் என்று கேட்கிறவர்களுக்கு ஒரு விஷயம். காயத்தைத் தெரிந்துகொண்ட முதலாளி, எல்.எஸ்.202 என்ற முதல் அறிக்கையைத் துறைக்குத் தர வேண்டும். அதைத் தராமல் இருந்திருந்தால், தரும் நாள் வரை உங்கள் ஓராண்டுக் கணக்கு ஓடத் தொடங்குவதே இல்லை. காது விஷயத்தில் இன்னொரு சலுகை உண்டு: செவித்திறன் சோதனை முடிவும் அதற்கான அறிக்கையும் கையில் கிடைக்கும் வரை காலக்கணக்கு தொடங்காது. ஆகவே, பழைய காயம் என்று நீங்களே முடிவு கட்டிக் கதவைச் சாத்த வேண்டாம்.

எவ்வளவு கிடைக்கும்: ஒரு விரலின் கணக்கு

வேலை செய்ய முடியாத காலத்துக்கு, சராசரி வாரச் சம்பளத்தின் மூன்றில் இரண்டு பங்கு கிடைக்கும். முதல் 3 நாளுக்குக் கிடையாது. முடக்கம் 14 நாளைத் தாண்டினால் அந்த 3 நாளுக்கும் சேர்த்துக் கிடைக்கும். உச்ச வரம்பு ஒன்று உண்டு, நம்மவர் சம்பளம் அதன் பக்கத்தில்கூடப் போகாது. குறைந்தபட்சத் தொகை என்பது லாங்ஷோர் சட்டத்தில் இருந்தாலும் டி.பி.ஏ.வில் இல்லை, சம்பளம் குறைவானவருக்கு இழப்பீடும் குறைவுதான்.

என்னிடம் வந்த ஒருவர் முகாமில் சப்பாத்தி மாவு பிசையும் இயந்திரத்தில் வலது ஆள்காட்டி விரலைக் கொடுத்துவிட்டார். மாதச் சம்பளம் 900 டாலர். ஆண்டுக்கு 10,800, அதை 52 வாரத்தால் வகுத்தால் 207.69, அதில் மூன்றில் இரண்டு பங்கு 138.46 டாலர். இதுதான் அவருடைய வார விகிதம். புண் ஆறும் வரை இந்த விகிதத்தில் கிடைத்தது. ஆறிய பிறகு, இழந்த உறுப்புக்கு என்று சட்டத்தில் வாரக்கணக்கு ஒன்று இருக்கிறது: கை முழுவதற்கும் 312 வாரம், கால் 288, மணிக்கட்டுக்குக் கீழ் 244, பாதம் 205, கண் 160, கட்டைவிரல் 75, ஆள்காட்டி விரல் 46, ஒரு காது கேட்காமற் போனால் 52, இரண்டும் என்றால் 200. பகுதியளவு இழப்புக்கு அதே விகிதத்தில் குறையும். பிறகு வேறு வேலையில் அதே சம்பளம் கிடைத்தாலும் இந்தத் தொகை குறையாது.

காப்பீட்டு நிறுவனம் அவருக்கு 23 வாரம் என்று எழுதியது. விரலின் நுனிப் பக்கத்து முதல் கணு மட்டும் போனால் பாதிக் கணக்கு என்பது விதி, அதன்படி எழுதியிருந்தார்கள். அவர் கையை விளக்கடியில் வைத்துப் பார்த்தேன். தையல் தழும்பு நடுக்கணுவுக்குக் கீழே இறங்கியிருந்தது. கோயம்புத்தூருக்கு அனுப்பி எக்ஸ்-ரே எடுத்ததில் இரண்டாம் கணுவின் எலும்பும் வெட்டுப்பட்டிருந்தது தெரிந்தது. ஒரு கணுவுக்கு மேல் போனால் முழு விரலாகவே கொள்ள வேண்டும் என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. 46 வாரம் என்றால் 6,369 டாலர். 23 வாரம் என்றால் அதில் பாதி. ஒரு எக்ஸ்-ரே படத்தின் விலை அவ்வளவு.

முதுகு, தலை, தோள்பட்டை, மனம் இவற்றுக்கு வாரப் பட்டியல் கிடையாது. முன்பு சம்பாதித்ததற்கும் இப்போது சம்பாதிக்கக் கூடியதற்கும் உள்ள வித்தியாசத்தில் மூன்றில் இரண்டு பங்கு என்று கணக்கிடுவார்கள். இங்கேதான் வாதம் நீளும். கொடுக்க வேண்டிய தவணையை 14 நாளுக்குள் கொடுக்காவிட்டால் அதற்கு மேல் 10 சதவீதம் சேர்த்துக் கொடுக்க வேண்டும் என்பதையும் தெரிந்து வைத்திருங்கள்.

கோயம்புத்தூர் மருத்துவரிடம் என்ன கேட்க வேண்டும்

சிகிச்சைக்கு மருத்துவரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை உங்களுடையது. ஒருமுறை தேர்ந்தபின் மாற்றுவதற்கு ஒப்புதல் வேண்டும், ஆகையால் யோசித்துத் தேர்ந்தெடுங்கள். மலையில் இருக்கும் நமக்கு நரம்பு, எலும்பு, செவித்திறன் என்றால் மேட்டுப்பாளையம் இறங்கிக் கோயம்புத்தூர் போவதே வழக்கம். அந்தப் பயணச் செலவும் மருத்துவச் செலவில் அடங்கும். டாக்ஸிக்காரர் பில் தருவதில்லை என்பார்கள்; ஒரு நோட்டில் தேதி, வண்டி எண், புறப்பட்ட இடம், தொகை எழுதி அவரிடமே கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள்.

அரசு தரும் மாற்றுத்திறனாளி அட்டையை மட்டும் அனுப்பிவிட்டுக் காத்திருப்பவர்கள் பலர். அந்த அட்டையில் சதவீதம் இருக்கும், காரணம் இருக்காது. இந்த வழக்குக்கு வேண்டியதோ காரணம். மருத்துவர் ஆங்கிலத்தில், தம் கடிதத்தாளில், எந்த வேலையில் எந்தத் தேதியில் என்ன நேர்ந்ததாக நோயாளி சொன்னார், சோதனையில் தெரிந்தது என்ன, இந்தக் காயம் அந்த வேலையால் வந்திருப்பதற்கே வாய்ப்பு அதிகம் என்று கருதுகிறாரா, எவ்வளவு எடை தூக்கலாம், எவ்வளவு நேரம் நிற்கலாம், இதற்கு மேல் குணம் காண வாய்ப்பில்லை என்ற நிலை எப்போது வந்தது ஆகியவற்றை எழுத வேண்டும். நெரிசலான புறநோயாளிப் பிரிவில் இவ்வளவையும் வாயால் சொல்லி எழுத வைக்க முடியாது. கேள்விகளை ஒரு பக்கத்தில் தட்டச்சு செய்து, கீழே பதிலுக்கு இடம் விட்டுக் கொடுத்துவிடுவது என் வழக்கம். காப்பீட்டு நிறுவனம் தன் மருத்துவரிடம் போகச் சொன்னால் தகுந்த காரணமின்றி மறுக்காதீர்கள். மறுத்தால் இழப்பீட்டை நிறுத்தி வைக்க முடியும்.

மனக்காயத்தைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ராக்கெட் விழுந்த முகாமில் மூன்றாண்டு இருந்த ஒருவர், இங்கே தேயிலைத் தொழிற்சாலைச் சங்கு ஊதினால் மேசைக்கு அடியில் குனிந்துவிடுவார். முகாமின் அபாயச் சங்குக்குச் செய்து பழகியது அது. தீபாவளிக்கு வீட்டைப் பூட்டிக்கொண்டு மசினகுடிக் காட்டோரத்து உறவினர் வீட்டுக்குப் போய்விடுவார். வீட்டார் பேய் என்று கோயிலுக்கு அழைத்துப் போனார்களே தவிர, மனநல மருத்துவரிடம் போகவில்லை. உடற்காயம் எதுவும் இல்லாத மனக்காயத்துக்கும் டி.பி.ஏ.வில் இழப்பீடு உண்டு. ஆனால் நோய்க்குப் பெயர் வைத்து, வேலையோடு முடிச்சுப் போட ஒரு மருத்துவரின் அறிக்கை வேண்டும். அந்த அறிக்கையில் காரணம் தெரிந்த நாளிலிருந்தே கால வரம்பு ஓடத் தொடங்கலாம் என்பதால், அதைக் கையில் வாங்கியபின் கோரிக்கைப் படிவத்தைத் தள்ளிப்போடக் கூடாது.

தொலைபேசியில் பேசும்போது

காப்பீட்டு நிறுவனத்தின் அலுவலர் வாக்குமூலம் பதிவு செய்ய அழைப்பார். நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் நமக்குக் கோடைக்காலத்தில் மாலை 6.30, குளிர்காலத்தில் இரவு 7.30. லயன் வீடுகளில் சிக்னல் கிடைக்காது என்று சாலை வளைவில் மழைக் கோட்டோடு நின்று பேசியவர்களை எனக்குத் தெரியும், அப்படிப் பேசாதீர்கள். நேரத்தை மாற்றக் கேளுங்கள், அமைதியான அறையில் உட்காருங்கள், தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டும் என்று முதலிலேயே சொல்லுங்கள். “ஹவ் ஆர் யூ?” என்று அவர் மரியாதைக்குக் கேட்டதற்கு நம்மவர் “ஐ ஆம் ஃபைன் சார்” என்று மரியாதைக்குச் சொல்ல, பிறகு நலமாக இருப்பதாக அவரே ஒப்புக்கொண்டார் என்று அது தாளில் வந்து நின்றது. படையில் இருபது ஆண்டு “டீக் ஹை சாப்” (சரி ஐயா) சொல்லிப் பழகியவரிடம் இதை மாற்றுவது எளிதன்று.

பெயரும் இனிஷியலும்

அமெரிக்கப் படிவத்தில் முதற்பெயர், குடும்பப்பெயர் என்று இரண்டு கட்டங்கள் உண்டு. நமக்கு இருப்பது இனிஷியலும் பெயரும். பாஸ்போர்ட்டில் தகப்பனார் பெயரை விரித்துப் போட்டிருப்பார்கள். கம்பெனிச் சம்பளப் பட்டியலில் அதுவே முதற்பெயராகி, உங்களை உங்கள் தகப்பனார் பெயராலேயே கூப்பிட்டிருப்பார்கள். ஆதாரிலும் வங்கிக் கணக்கிலும் வெறும் இனிஷியல். காப்பீட்டு நிறுவனத்துக்கு இவர்கள் மூன்று ஆட்கள். பாஸ்போர்ட்டில் உள்ளபடியே எல்லாப் படிவத்திலும் எழுதுங்கள். மற்ற எல்லாப் பெயர்களும் ஒருவரையே குறிக்கும் என்று நோட்டரி முன்னிலையில் ஓர் உறுதிமொழிப் பத்திரம் செய்து தொடக்கத்திலேயே இணைத்துவிடுங்கள்.

உயிரே போயிருந்தால்

இறப்புக்கான கோரிக்கைப் படிவம் எல்.எஸ்.262. துணைவிக்கு, சராசரி வாரச் சம்பளத்தில் பாதி. குழந்தைகளும் இருந்தால் மொத்தம் மூன்றில் இரண்டு பங்கு. ஈமச் செலவுக்கு 3,000 டாலர் வரை. வெளிநாட்டவர், அதாவது அமெரிக்கர் அல்லாதவர், குடும்பங்களுக்கு இரண்டு கட்டுப்பாடுகள் உண்டு. மனைவி, குழந்தைகள் இருந்தால் அவர்களுக்கு மட்டுமே. அவர்கள் இல்லையென்றால், காயத்துக்கு முந்திய ஓராண்டு அவர் பணம் அனுப்பித் தாங்கி வந்த தாய் தந்தையருக்கு. தம்பி, தங்கை, பாட்டி எவருக்கும் கிடையாது. ஆகவே திருமணமாகாத பிள்ளைகள், சிறு தொகையானாலும், தாயின் வங்கிக் கணக்குக்கே மாதந்தோறும் அனுப்ப வேண்டும். நண்பர் கையில் கொடுத்தனுப்பிய பணத்துக்குச் சாட்சி கிடையாது. இன்னொன்று, வருங்காலத் தவணைகளை மொத்தமாக்கி, அதன் மதிப்பில் பாதியை மட்டும் கொடுத்து முடித்துக்கொள்ள வெளிநாட்டவர் விஷயத்தில் சட்டம் இடம் தருகிறது. ஒரே பாதுகாப்பு அரணில் நின்று ஒரே குண்டுக்கு இறந்தவர்களுள் அமெரிக்கரின் மனைவிக்கு முழுதும் வெளிநாட்டவரின் மனைவிக்குப் பாதியும் என்பது எனக்கு ஒருபோதும் நியாயமாகப் படவில்லை. ஆயினும் சட்டம் அப்படித்தான் இருக்கிறது.

கோரிக்கையோடு இறப்புச் சான்றிதழ், திருமணச் சான்றிதழ், குழந்தைகளின் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். வட்டாட்சியர் தரும் வாரிசுச் சான்றிதழ் உதவும், ஆனால் திருமணச் சான்றிதழுக்கு ஈடாகாது. ஹட்டிகளில் (படகர் ஊர்களில்) ஊர் கூடி நடத்திய திருமணத்துக்கு எங்கே போய்ச் சான்று வாங்குவது என்று கேட்கிறார்கள். தமிழ்நாட்டில் 2009ஆம் ஆண்டுச் சட்டப்படி திருமணப் பதிவு கட்டாயம். வெளிநாடு புறப்படுமுன் அதை முடித்துவிடுவதே நல்லது.

மறுத்துவிட்டால்

மறுப்பு எல்.எஸ்.207 என்ற படிவத்தில் வரும். அது தீர்ப்பு அன்று, எதிர்த்தரப்பின் கட்சி மட்டுமே. அமெரிக்கத் தொழிலாளர் துறையின் மாவட்ட அலுவலகத்தில் முறைசாராக் கலந்தாய்வு கேட்கலாம், தொலைபேசியிலேயே நடக்கும். விரல் வழக்கு அங்கேயே முடிந்தது. அங்கே சொல்லப்படும் பரிந்துரை யாரையும் கட்டுப்படுத்தாது, ஒத்துவராவிட்டால் எல்.எஸ்.18 கொடுத்து நிர்வாகச் சட்ட நீதிபதியிடம் போகலாம், அவருடைய தீர்ப்பின் மேல் 30 நாளுக்குள் மேல்முறையீடு உண்டு. இந்தக் கட்டத்தில் அமெரிக்க வழக்கறிஞர் அவசியம். இங்கே ஒன்றை அழுத்திச் சொல்கிறேன்: இந்த வழக்குகளில் துறையோ நீதிபதியோ ஒப்புதல் தராமல் எவரும் கட்டணம் வாங்கக் கூடாது, வாங்குவது குற்றம். வழக்கை எதிர்த்துத் தோற்றால் அந்தக் கட்டணத்தைப் பெரும்பாலும் காப்பீட்டு நிறுவனமே கட்ட வேண்டும். “பத்து சதவீதம் கொடு, அமெரிக்காவில் முடித்துத் தருகிறேன்” என்று பஸ் நிலையத்தில் பேரம் பேசுகிறவரைத் திரும்பிப் பார்க்காதீர்கள்.

சமரசத் தொகை பேசுவார்கள். அது எழுத்தில் இருந்து, அதிகாரி ஒப்புதல் பெற்றால்தான் செல்லும். அப்படி ஒப்புதல் பெறாமல் உரிமையை விட்டுக்கொடுத்ததாக முகாமில் வாங்கிய கையெழுத்து எதுவும் செல்லாது. ஒப்புதல் பெற்ற சமரசத்தை மீண்டும் திறக்க முடியாது. வருங்கால மருத்துவச் செலவும் அதில் அடங்கிவிட்டதா என்பதைத் தமிழில் யாரையாவது வரிக்கு வரி படித்துச் சொல்ல வைத்த பிறகே கையெழுத்திடுங்கள். முப்பது வயதில் முதுகுத்தண்டில் தகடு வைத்தவருக்கு அது மிகப் பெரிய தொகை.

இந்தியப் பக்கத்தில்

ஈ.சி.ஆர். பாஸ்போர்ட்டில் (குடிபெயர்வு அனுமதி பெற்றே போக வேண்டியவர்களுடையது) முறைப்படி போனவருக்குப் பிரவாசி பாரதிய பீமா யோஜனா என்ற காப்பீடு கட்டாயம். விபத்தில் இறப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும் 10 லட்சம் ரூபாய் வரை உண்டு. அது டி.பி.ஏ.விலிருந்து தனியானது. தூதரகத்தோடு பேச மதத் (MADAD) என்ற இணையதளம் இருக்கிறது. சென்னையில் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகமும், தமிழ்நாடு அரசின் அயலகத் தமிழர் நலத்துறையும் உடலைக் கொண்டுவருவதிலும் நிலுவைச் சம்பளத்திலும் உதவுவார்கள். அமெரிக்கப் படிவங்களை அவர்கள் நிரப்பித் தருவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

கடைசியாக, பணம் வரும் வழி. டாலர் காசோலையாக அனுப்பினால் நம் கிளைகளில் அது பணமாக மாற வாரக்கணக்கில் ஆகும். நேரடி வங்கிப் பரிமாற்றம் கேளுங்கள். அதற்கு ஐ.எஃப்.எஸ்.சி. எண் போதாது, வெளிநாட்டுப் பணப் பரிமாற்றத்துக்கான ஸ்விஃப்ட் குறியீடு வேண்டும். கோத்தகிரி, பந்தலூர் போன்ற ஊர்களின் சிறு கிளைகளுக்கு அது தனியாக இருக்காது. எந்தக் கிளையின் குறியீட்டைக் கொடுத்தால் பணம் உங்கள் கணக்குக்கு வந்து சேரும் என்று மேலாளரிடம் எழுத்தில் வாங்கி, பாஸ்போர்ட்டில் உள்ள பெயரோடு சேர்த்து அனுப்புங்கள்.